நொத்தாரிசு எங்கட சொல், லிஸ் பென்டென்ஸ் ஆற்ற சொல்?

குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்கு நிற்கேக்க ஒரு ஆச்சி கடதாசி ஒன்றை நீட்டினா. “கம்பஸ் பிள்ளையள்தானே, இதில என்ன கிடக்கெண்டு சொல்லுங்கோ.” காணிப் பதிவகத்துப் பிரதி. தமிழ் வரிகளுக்கு நடுவில் ‘லிஸ் பென்டென்ஸ்’. கலைப்பீடத்து ஆக்கள் நாலு பேரும் முழிச்சம். போனில் தேடினால், இலத்தீனாம். நிலுவையிலுள்ள வழக்கு என்று அர்த்தம். ஆச்சியின் காணியில் பங்கு பிரிக்கிற வழக்கு நடக்குது, அவ்வளவுதான்.

அந்தப் பதிவு எதுக்கு? வாங்க வாறவனும் பங்காளியும் அறியத்தான். தீவுக் காணிகள் பல பங்கு பிரிபடாமல் கிடக்கு, பங்காளிகள் பாரிஸிலும் ரொறன்ரோவிலும். எல்லாருக்கும் விடுகிற எச்சரிக்கையை ஒருத்தருக்கும் விளங்காத மொழியில் விடுவது என்ன நியாயம்?

சட்டம் படிக்கிற நண்பர்கள் உடனே வருவினம்: “மொழிபெயர்த்தால் பொருள் திரியும்.” அப்பிடியா? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிற அம்மாமார் ‘ஹேபியஸ் கோர்பஸ்’ என்றா சொல்லுகினம்? ஆட்கொணர்வு மனு என்கினம். அதில் என்ன பொருள் திரிந்தது?

நாங்கள் இலத்தீனுக்கு எதிரி இல்லை. நொத்தாரிசும் பிறக்கிராசியும் இலத்தீன் வேர்தான். ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் வாய்வழி வந்து எங்கட வாயில் அரைபட்டு எங்கட சொல்லாகிவிட்டன. நொத்தாரிசு ஆரென்று ஆச்சிக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அரைபடாத சொல்லோடுதான் எங்களுக்குச் சண்டை.

ஒல்லாந்தர் நெடுந்தீவுக்குத் தங்கட டெல்ப்ட் நகரத்தின் பேரை வைத்தவை. அந்த டெல்ப்டில் 1583 இல் பிறந்தவர் கூகோ குரோசியஸ். இலத்தீனில் பெரிய பெரிய நூல் எழுதின மனுசன், சிறையில் இருந்து தன் நாட்டுச் சட்டத்துக்கு அறிமுகம் எழுதேக்க ஒல்லாந்த மொழியில் எழுதினார். 1631 இல் அச்சானது. இலங்கையில் இன்றும் செல்லுபடியாகிற ரோமன் டச்சுச் சட்டத்தின் மூலநூல்களில் அது ஒன்று. டெல்ப்ட்காரருக்குத் தாய்மொழியில் சட்டம் எழுதலாம், நெடுந்தீவாருக்கு ஏலாதோ?

இன்னொன்று. 1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் ஆங்கிலப் பிரதியை எடுத்துப் பாருங்கோ. தேடியதேட்டம், முதுசம், உரிமை எல்லாம் தமிழ்ச் சொல்லாகவே நிக்குது. வெள்ளைக்காரனே எங்கட சொல்லைத் தன்ர சட்டத்துக்குள் விட்டான். எங்கட பதிவகத்துக்குள் அதுக்கு இடமில்லையாம்.

இலத்தீன் வேண்டுமென்றால் கீழே சின்ன எழுத்தில் கிடக்கட்டும். மேலே, ஆச்சி வாசிக்கிற இடத்தில், ‘இந்தக் காணியில் வழக்கு நடக்கிறது’ என்று எழுதுங்கோ.