கை ஓங்கும் மாணவன்: யார் கற்றுக்கொடுத்த பாடம்?

பாடசாலை வாசலில் இரு மாணவர் குழுக்கள் மோதிக்கொண்டன, மேல் வகுப்பு மாணவர்கள் கீழ் வகுப்பு மாணவனைத் தாக்கினர், கண்டித்த ஆசிரியரை எதிர்த்து மாணவன் கை ஓங்கினான் என்ற செய்திகள் இன்று நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வருகின்றன. பதுளை நகரப் பாடசாலைகளோ, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை ஆகிய பகுதிகளின் தோட்டப் பாடசாலைகளோ இதற்கு விதிவிலக்கல்ல. மாணவர்களிடையே சண்டை சச்சரவு எக்காலத்திலும் இருந்ததுதான். ஆனால் மைதானத்தில் கைகலப்போடு முடிந்து மறுநாளே மறந்துபோன சண்டை, இன்று கைத்தொலைபேசியில் படமாக்கப்பட்டு ஊர் முழுவதும் பரவுகிறது. அடிவாங்கியவன் அவமானத்தோடு வீடு செல்கிறான். ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பி வருகிறான்.

இத்தகைய சம்பவம் ஒவ்வொன்றின் பின்னரும் ஒரே விதமான பரிகாரங்களே முன்வைக்கப்படுகின்றன. மாணவனை இடைநிறுத்துங்கள், புத்தகப்பையைச் சோதனையிடுங்கள், ஆசிரியர் கையில் மீண்டும் பிரம்பைக் கொடுங்கள் என்பனவே அவை. "அடியாத மாடு படியாது" என்பது நமது சமூகத்தில் வேரூன்றிப்போன நம்பிக்கை. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போதே "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சேர்" என்று சொல்லும் பெற்றோர் இன்றும் உள்ளனர். ஆனால் அடித்துத்தான் திருத்த முடியும் என்றால், தலைமுறை தலைமுறையாக அடிவாங்கி வளர்ந்த நமது சமூகம் எப்போதோ திருந்தியிருக்க வேண்டுமே என்பதை எவரும் சிந்திப்பதாகத் தெரியவில்லை.

ஊவாவின் தோட்டங்கள் உருவான விதத்தை இங்கு நினைவுகூர வேண்டியுள்ளது. துரை கணக்கப்பிள்ளையை ஏசுவதும், கணக்கப்பிள்ளை கங்காணியை ஏசுவதும், கங்காணி பெரட்டுக்களத்தில் தொழிலாளியை எல்லோர் முன்னிலையிலும் இழிவுபடுத்துவதும் நெடுங்காலம் அங்கு நிர்வாக முறையாகவே இருந்தது. பகலெல்லாம் ஏச்சு வாங்கியவன் மாலையில் கசிப்புக் குடித்துவிட்டு லயன் அறைக்குத் திரும்பி மனைவி மீது கை ஓங்கினான். ஒற்றை அறையில், மறைவோ தடுப்போ இன்றி, அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பிள்ளை. இழிவு மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கி வந்தது. அதன் கடைசிப் படியில் நிற்பவன் தனக்குக் கீழே ஒருவனைத் தேடுகிறான். பாடசாலையில் அவனைவிடச் சிறியவன் ஒருவன் கிடைத்துவிடுகிறான்.

வறுமைதான் வன்முறைக்குக் காரணம் என்று இலகுவாகக் கூறிவிடலாம். 2019 ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்த வறுமை வீதம் 14.3 ஆக இருந்தபோது, பெருந்தோட்டத் துறையில் அது 33.8 ஆக இருந்தது. அதன் பின்னர் கொரோனா முடக்கமும் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் வந்தன. 1,000 ரூபா நாட்சம்பளம் 2021 இல்தான் கைக்கு எட்டியது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. எனினும் வறிய வீட்டுப் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலானோர் அமைதியாகப் படித்து முன்னேறவே முயல்கின்றனர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. வறுமை பிள்ளையைப் பசியால் வாட்டுகிறது. அவனைக் கை ஓங்க வைப்பது அந்த வறுமையோடு சேர்ந்து வரும் அவமானமும், அதைச் சொல்லி அழ ஆளில்லாத தனிமையுமே என்பது எமது கருத்தாகும்.

அந்தத் தனிமை இன்று தோட்டங்களுக்கு மட்டும் உரியதல்ல. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்லும் தாய்மார் தோட்ட லயன்களிலும் இருக்கின்றனர். நகர்ப்புறங்களிலும் கிராமங்களிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்களிலும் இருக்கின்றனர். சிறு பிள்ளைகளை விட்டுச் செல்லும் தாய்மாருக்கு 2013 முதல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கொண்ட தாய்மார் செல்வதற்கு இருந்த தடை, டொலர் நெருக்கடி முற்றிய 2022 இல் இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது உண்மையே. ஆனால் பாட்டியிடமும் சித்தியிடமும் விடப்பட்டு, தாயைத் தொலைபேசித் திரையில் மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளை பதின்மூன்று வயதில் வகுப்பறையில் முரண்டு பிடிக்கும்போது, அவனை 'முரடன்' என்று முத்திரை குத்துவது எவ்வகையில் நியாயம்?

இயற்கையும் இந்த மாவட்டத்தைச் சோதித்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியபோது பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் மாலையில் திரும்புவதற்கு வீடும் பெற்றோரும் இல்லாது போயினர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சின்னாபின்னமாக்கியது. வீடு கட்டிக்கொடுப்பது பற்றிப் பேசப்படுகிறது. ஆனால் மண் சரியும் ஓசையை உள்ளத்தில் சுமந்தபடி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மனதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

இவ்வளவையும் சுமந்து வருபவனைப் பாடசாலை எவ்வாறு வரவேற்கிறது? உடல் ரீதியான தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் 2005 இலேயே வெளியானது. 2016 இல் அது மீண்டும் வலியுறுத்தப்பட்டது. ஆசிரியர் அறைந்ததால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அடிப்படை உரிமை மீறப்பட்டுள்ளதாக உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்து, அரசும் அந்த ஆசிரியரும் நட்டஈடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. ஆயினும் பிரம்பு பல வகுப்பறைகளை விட்டு இன்னும் வெளியேறவில்லை. ஆசிரியர்களை மட்டும் குறை கூறுவதிலும் பயனில்லை. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர்களாக நியமிக்கப்பட்ட இளைஞர், யுவதிகளுக்கு ஆரம்பத்தில் மாதக் கொடுப்பனவாக வழங்கப்பட்டது 6,000 ரூபா மட்டுமே. தம்மையே மதிக்காத ஒரு முறைமைக்குள் இருந்துகொண்டு மாணவனை மதிக்க வேண்டும் என்று அவர்களிடம் எதிர்பார்க்கிறோம்.

மதிப்பைப் பற்றிப் பேசும்போது 2018 ஜனவரியில் பதுளையில் நிகழ்ந்ததை மறக்க முடியாது. மாணவி ஒருவரின் அனுமதி தொடர்பான விடயத்தில், பதுளை தமிழ் மகளிர் மகா வித்தியாலய அதிபர் அப்போதைய ஊவா முதலமைச்சரின் இல்லத்துக்கு அழைக்கப்பட்டு முழந்தாளிட வைக்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியது. முதலமைச்சர் தம்மிடமிருந்த மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பைத் துறக்க நேர்ந்தது. பின்னர் கைதாகிப் பிணையில் விடுவிக்கப்பட்டார். அதற்கும் முன்னர், 2000 ஒக்டோபர் 25 ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் கும்பலொன்றினால் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களும் முடிவில் விடுதலையாகினர். அதிகாரம் உள்ளவன் எதையும் செய்யலாம், கும்பலாகச் சேர்ந்தால் கேட்பாரில்லை என்ற பாடத்தை எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை. ஊரே கற்பித்தது.

ஆகவே தீர்வு பாடசாலை மதிலுக்குள் மட்டும் இல்லை. என்றாலும் அங்கிருந்து தொடங்க முடியும். நூறு, இருநூறு பிள்ளைகள் படிக்கும் சிறிய தோட்டப் பாடசாலைக்குத் தனியாக ஆலோசனை ஆசிரியர் ஒருவரை நியமிப்பது இயலாது எனின், அருகருகே உள்ள நான்கைந்து பாடசாலைகளுக்குச் சேர்த்து, தமிழ் மொழியில் பயிற்சி பெற்ற ஒருவரை வழங்குவதற்கு பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை வலயக் கல்விப் பணிமனைகள் முன்வரலாம். தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் யார் என்பதை வகுப்பாசிரியர் அறிந்திருக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது அவர்களது பாதுகாவலருடன் பேச வேண்டும். மாணவனை இடைநிறுத்துவதற்கு முன்னர் அவனுடைய வீட்டை ஒருவர் சென்று பார்த்துவிட்டு வருவது கட்டாயமாக்கப்பட வேண்டும். துன்புறுத்தலுக்கு உள்ளாகும் பிள்ளைகளுக்காகத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நடத்தும் 1929 என்ற தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் தமிழில் எழுதப்பட வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் கோயில், பள்ளிவாசல் நிர்வாக சபைகளுக்கும் இதில் பங்குண்டு. திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் ஊரை ஒன்றுதிரட்ட முடிகின்றவர்களால், லயன் கோடியில் கசிப்பு விற்பவனையும் பாடசாலை வாசலில் போதைப்பொருள் விற்பவனையும் ஊரின் முன் நிறுத்த முடியாது என்பதை நாம் நம்பவில்லை.

பிரம்பைத் திரும்பக் கொடுத்தால் வகுப்பறை சில நாட்கள் அமைதியாகலாம். ஆனால் அது அச்சத்தின் அமைதியே. அந்த அச்சம் நீங்கும் வயதில் அவனும் ஒரு தந்தையாக, ஒரு மேற்பார்வையாளனாக, ஓர் அதிகாரியாக வேறொருவர் மீது கை ஓங்குவான். மேலிருந்து கீழே இறங்கி வரும் இந்தச் சங்கிலியை எங்காவது ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். அடிக்கும் கையை முதலில் தாழ்த்த வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாமே.