ஒரு பெயர், மூன்று பேரரசுகள்

போலந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் பலர் இன்று தங்கள் முன்னோரைத் தேடுகிறார்கள். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, கப்பல் பயணிகள் பட்டியல் என்று புரட்டப் புரட்ட, குடும்பப் பெயர் இடத்துக்கு இடம் வேறுபடும். ‘எழுத்து இடிக்கிறது, இவர் நம்மவர் இல்லை’ என்று அங்கேயே தேடலை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வம்சாவளி ஆராய்ச்சியில் இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை என்பேன்.

அந்த எழுத்து மாற்றத்துக்குப் பின்னால் ஒரு நாட்டின் வரலாறு இருக்கிறது. 1772, 1793, 1795 என மூன்று தவணைகளில் போலந்து பங்குபோடப்பட்டு ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா கைகளுக்குப் போனது. மறுபடி சுதந்திர நாடாக எழுந்தது 1918இல்தான். இடைப்பட்ட காலத்தில் பிறந்தவர்களின் பெயர்கள், ஆண்டவர்களின் சட்டப்படி பதிவாயின.

வார்சா உள்ளிட்ட ரஷ்யப் பகுதியில் 1868 முதல் பதிவேடுகளை ரஷ்ய மொழியில் எழுத வேண்டியதாயிற்று. ரஷ்ய எழுத்துகளில் ‘ஹ’ ஒலிக்கு நேரான எழுத்து கிடையாது. ஹோஃப்மன் அங்கே கோஃப்மன் ஆனார். பல பாதிரியார்கள் பக்கத்திலேயே போலிஷ் எழுத்திலும் பெயரைக் குறித்துவைத்தார்கள். அவர்களுக்கு இன்றைய தலைமுறை பெரிதும் கடன்பட்டிருக்கிறது. பிரஷ்யப் பகுதியில் ஷிமான்ஸ்கி என்ற பெயர் ஒலி மாறாமலே ஜெர்மன் எழுத்துக்கூட்டலுக்கு மாறியது. ஆஸ்திரியாவின் கலீசியாவில் கத்தோலிக்கப் பதிவேடுகள் லத்தீனில் இருந்தன.

போலிஷ் எழுத்துகளின் குறிகளும் தேடுபவரைச் சோதிக்கும். டோம்ப்ரோவ்ஸ்கி என்ற பெயரில் ‘ஏ’ எழுத்தின் அடியில் ஒரு கொக்கி உண்டு. மூக்கொலியைத் தருவது அதுதான். வெளிநாட்டில் கொக்கி விழுந்துபோனால் டாப்ரோவ்ஸ்கி என்றாகிவிடும். குறுக்குக்கோடு போட்ட ‘எல்’லை ‘டி’ என்று படித்து அட்டவணையில் ஏற்றியவர்களும் இருக்கிறார்கள்.

பெண்களைத் தேடும்போது கூடுதல் கவனம் வேண்டும். மேரி கியூரி பிறந்தபோது மரியா ஸ்க்வோடோவ்ஸ்கா. அவருடைய தந்தை ஸ்க்வோடோவ்ஸ்கி. திருமணத்துக்குப் பின் அவருடைய அக்கா ப்ரோனிஸ்வாவா, துவுஸ்கா ஆனார். நோவாக் என்பவரின் மனைவியை நோவாகோவா என்றும், மணமாகாத மகளை நோவாகுவ்னா என்றும் எழுதுவது பழைய வழக்கம். மூன்று பெயர்களும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற அதிகாரிகள்மேல் பழிபோடுவது நெடுநாள் வழக்கம். அது நியாயமில்லை. கப்பல் கம்பெனிகள் பயணிகள் ஏறிய துறைமுகத்திலேயே எழுதிக்கொடுத்த பட்டியலை வைத்துத்தான் அவர்கள் விசாரித்தார்கள். பெயரைச் சுருக்கியதும் மாற்றியதும் பெரும்பாலும் பிற்பாடு, குடியேறியவர்களே செய்துகொண்டது. வேலை தேட, அக்கம்பக்கத்தார் வாயில் நுழைய அது தேவைப்பட்டது.

ஒலியை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் முறை பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால், ஹோஃப்மனையும் கோஃப்மனையும் அதனால் சேர்க்க முடியாது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பெயர்களில் இதே சிக்கலைக் கண்ட ராண்டி டேய்ச், கேரி மோகோடோஃப் இருவரும் 1985இல் புதிய முறையை வகுத்தார்கள். அதில் முதல் எழுத்துக்கும் ஒலிப்படி எண் உண்டு. இந்த இரண்டு பெயர்களும் ஒரே எண்ணில் வந்து சேர்ந்துவிடும். போலந்துப் பெயர்களைத் தேட இதைவிட உதவியான கருவி குறைவு.

ஆனாலும் கருவி பாதிதான். மீதி தேடுபவரின் பொறுமை. குடும்பப் பெயரை ரஷ்யர் எப்படி எழுதியிருப்பார், ஜெர்மானியர் எப்படி எழுதியிருப்பார் என்று எல்லா வடிவங்களையும் முதலில் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஊர், பெற்றோர் பெயர், வயது ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். அவை மூன்றும் பொருந்தினால், எழுத்துப் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு முன்னோரைக் கைவிட்டுவிடாதீர்கள்.