மூன்றாம் படியில் ஒரு கோடு



கொரோனா ஊரடங்கு நாட்களில் பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்துதான் பாடம் கேட்பாள். எங்கள் வைஃபை பாஸ்வேர்டை அவளுக்கும் கொடுத்திருந்தோம். மூன்றாம் படிவரை டீச்சரின் குரல் தெளிவாக வரும். நான்காம் படியில் விட்டுவிட்டு வரும். ஐந்தாவதில் நின்றே போகும். அந்தப் படிகளுக்கு நடுவே ஓர் எல்லை இருப்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அது எங்கள் இருவர் கண்ணிலும் பட்டதில்லை.

அப்படிப்பட்ட எல்லைகளைக் கண்ணுக்குக் காட்டிய ஒரு குறும்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். நார்வே நாட்டு ஆஸ்லோ நகரில் டிமோ ஆர்னல், யோர்ன் க்னுட்சென், ஐனார் ஸ்னேவ மார்ட்டினுசென் என்ற மூவர் எடுத்து, 2011-ல் வெளியிட்டது. பெயர், 'இம்மெட்டீரியல்ஸ்: லைட் பெயின்ட்டிங் வைஃபை'.

அவர்கள் செய்த கருவி நான்கு மீட்டர் உயரக் கழி. அதில் மேலிருந்து கீழ்வரை 80 விளக்குகள். சிக்னல் எவ்வளவு வலுவோ, அவ்வளவு உயரத்துக்கு விளக்குகள் எரியும். இருட்டிய பிறகு ஒருவர் அந்தக் கழியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறார். எதிரே கேமராவின் ஷட்டர் நெடுநேரம் திறந்தே இருக்கிறது. நடந்துகொண்டே இருப்பதால் அவர் உருவம் படத்தில் விழுவதில்லை. எரிந்த விளக்குகளின் தடம் மட்டும் விழுகிறது. வெளிச்சத்தாலேயே எழுப்பிய மதில்போல, ஓரிடத்தில் ஓங்கியும் ஓரிடத்தில் சரிந்தும் தெருவோடு போகிறது வைஃபை!

வைஃபை வழக்கமாகப் பயன்படுத்தும் அலைகளில் ஒன்று ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளம்தான். சுவர் அதைத் தடுக்கும். தண்ணீர் நிறைந்த மரமும் மனித உடம்பும் உறிஞ்சும். அதனால் பழைய குடியிருப்பிலிருந்து தெருவுக்குக் கசியும் சிக்னலுக்கு ஒரு வடிவம், பெரிய நிறுவனத்திலிருந்து பரவுவதற்கு வேறொரு வடிவம். யாரிடம் என்ன வசதி இருக்கிறது, அது எங்கே முடிகிறது என்பதெல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடுகிறது.

இதற்கு முன்பே 2002-ல் லண்டனில் மேட் ஜோன்ஸ் என்பவர் சாக்பீஸை வைத்தே வைஃபையைக் காட்ட ஒரு வழி சொன்னார். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு அரைவட்டம் சுவரில் இருந்தால், இங்கே யாரும் சேரக்கூடிய வைஃபை உண்டு. முழு வட்டமென்றால், பூட்டியிருக்கிறது. வேலை தேடி ஊர் ஊராக அலைந்த அமெரிக்க நாடோடிகள், அடுத்து வருபவருக்காகச் சுவரில் விட்டுச்சென்ற குறிகளே இதற்கு முன்மாதிரி.

கண்ணுக்குத் தெரியாததை நாம் ஒன்று மறந்துவிடுகிறோம், இல்லையென்றால் அதற்குப் பயப்படுகிறோம். இரண்டிலும் கேள்வி பிறப்பதில்லை. 2013-ல் லண்டன் தெருக்களில் சில குப்பைத்தொட்டிகளுக்குள் இருந்த கருவிகள், கடந்துபோனவர்களின் போன்களை வைஃபை வழியாகக் கணக்கெடுத்தன. விஷயம் வெளியே வந்ததும் நகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது. அதுவரை அந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்கு அது வெறும் குப்பைத்தொட்டி.

நம் நாட்டில் இந்த அலைகள் நம் சொத்து பற்றிய விஷயமும்கூட. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995-ல், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குளம், ஏரி, புறம்போக்கு என்றால் யாராவது வேலி போட்டதும் ஊர் கூடிக் கேட்கிறோம். அலைக்கு வேலி போட்டாலும் தெரியாது, திறந்துவிட்டாலும் தெரியாது. அதனால்தான் இங்கே கலைஞர்கள் தேவைப்படுகிறார்கள். இன்னதுதான் சரி என்று அந்த ஆஸ்லோ படம் நமக்குப் பாடம் நடத்தவில்லை. இருப்பதைக் காட்டுகிறது. பார்த்த பிறகு, இது யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை என்று நாமே கேட்கத் தொடங்கிவிடுகிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நான்கு மீட்டர் கழி வேண்டாம். ஒரு போனும் கொஞ்சம் கோலமாவும் போதும். ஒரு மாலை, வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். உங்கள் வீட்டு வைஃபை எதுவரை வருகிறது என்று நடந்து பாருங்கள். அது அறுந்துபோகும் இடங்களில் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இணையுங்கள். என்ன வடிவம் கிடைத்தது, தெருவில் யார் வந்து என்ன கேட்டார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். படமும் அனுப்புங்கள், வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

முதல் கோட்டை நான் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். சென்ற ஞாயிறு அவளைக் கூப்பிட்டு, மூன்றாம் படியின் ஓரத்தில் இருவருமாகக் கோலமாவால் ஒரு கோடு இழுத்தோம். தள்ளி நின்று பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "வைஃபை பெட்டியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்திருந்தால், எங்கள் வீட்டுக்கே வந்திருக்கும் இல்லையா மாமா?"

அத்தனை மாதமும் எனக்கு இது தோன்றவே இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்