பிக் ஃபைவ் பாத்தாச்சா?

கென்யாவுல மசாய் மாரா போயிட்டு வந்தேன்னு சொன்னா, ஆபீஸ்ல கூட ஆணி புடுங்கறவங்க கேக்குற முதல் கேள்வி "பிக் ஃபைவ் பாத்தியா?" தான். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம். இது ஏதோ விலங்கியல் பட்டியல்னு நினைச்சுடாதீங்க. நடந்து போய் வேட்டையாடறதுக்கு எதெல்லாம் ரொம்ப ஆபத்துன்னு அந்தக் கால வேட்டைக்காரங்க போட்ட கணக்கு. கென்யாவுல 1977லயே வேட்டைக்குத் தடை வந்தாச்சு. பட்டியலை மட்டும் நாம விடல. துப்பாக்கி போய் கேமரா வந்துச்சு, அவ்வளவுதான்.

பாத்துட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுப்போச்சுன்னு கேப்பீங்க. காலைல வண்டியில ஏறினதுல இருந்து ரேடியோ ஸ்வாஹிலியில பேசிக்கிட்டே இருக்கும். எங்கயோ ஒரு டிரைவர் கண்ணுல சிவிங்கிப்புலி பட்டா போதும், கொஞ்ச நேரத்துல மொத்தக் கூட்டமும் அங்கதான். ஒரு விலங்கைச் சுத்தி ஒரே சமயத்துல அஞ்சு வண்டிக்கு மேல நிக்கக்கூடாது, 25 மீட்டராவது தள்ளி நிக்கணும்னு விதி இருக்கு. நான் பதினெட்டு வரைக்கும் எண்ணிட்டு விட்டுட்டேன்.

சிங்கம் இதையெல்லாம் கண்டுக்காது. ஒரு கொட்டாவி விட்டுட்டு திரும்பிப் படுத்துக்கும். சிவிங்கிப்புலி பாவம். சிங்கமும் கழுதைப்புலியும் இரையைப் பிடுங்கிடும்னு அது பெரும்பாலும் பகல்ல வேட்டையாடுது. நாம சுத்தறதும் அதே பகல்லதான். மாராவுல நடந்த ஒரு ஆய்வு 2018ல வெளியாச்சு. டூரிஸ்ட் கூட்டம் குறைவா இருக்குற பகுதியில ஒரு ஈத்துக்கு சராசரியா 2.3 குட்டிங்க தப்பிப் பிழைச்சு வளருது. கூட்டம் அதிகமான பகுதியில? வெறும் 0.2. சுடாமலே கொல்றோம்னுதான் எனக்குத் தோணுது.

டிரைவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லீங்க. மூடின டிக்கெட்டை எண்ணி அப்ரைசல் போட்டா நாம என்ன பண்ணுவோம்? அதையேதான் அவரும் பண்றாரு. எத்தனை விலங்கு காட்டினாருன்னு பாத்துதானே டிப்ஸ் தர்றோம். அதுவும் 2024 ஜூலைல இருந்து, ஜூலை - டிசம்பர் சீசன்ல வெளிநாட்டுக்காரங்களுக்கு ரிசர்வ் கட்டணமே ஒரு நாளைக்கு 200 டாலர். கொடுத்த காசுக்குப் பாத்தே ஆகணும்னு ஒரு வெறி வரத்தான் செய்யும்.

ரிசர்வை ஒட்டி நபோய்ஷோ, ஓலாரே மோட்டொரோகி மாதிரி கன்சர்வன்சிகள் இருக்கு. மசாய் குடும்பங்க தங்க நிலத்தை வாடகைக்கு விட்டு நடக்குறது. கூடாரமும் கம்மி, வண்டியும் கம்மி. செலவு கூடத்தான் ஆகும். ரெண்டு நாள் குறைச்சாவது அங்க போங்கன்னுதான் நான் சொல்வேன்.

இந்தப் பட்டியல் அவசரத்துல கேம்ப்பையே யாரும் கவனிக்கறதில்ல. அதுதாங்க எனக்கு மாரா! ஆத்தோரமா கூடாரம், சுத்தி வேலி கிடையாது. அஞ்சரை மணிக்கு இருட்டோட டீயும் பிஸ்கட்டும் வரும். ஜிப்பை மூட மறந்தா பிஸ்கட் குரங்குக்கு. இருட்டினதுக்கப்புறம் சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போகணும்னா டார்ச்சோட ஒரு மசாய் காவலாளி கூட வருவாரு, தனியா விடமாட்டாங்க. ராத்திரி நீர்யானை கரையேறி வந்து, தலைமாட்டுல கித்தானுக்கு அந்தப் பக்கம் சரக் சரக்னு புல்லு மேயும். மூச்சு விடற சத்தம் கூட கேக்கும். தூரத்துல கழுதைப்புலி கூவும். இதுக்கெல்லாம் எந்தப் பட்டியல்லயும் டிக் போட முடியாது :-)

மூணாவது நாள் எங்க டிரைவர்கிட்ட "ரேடியோவை அணைச்சிடுங்க, உங்களுக்குப் பிடிச்ச இடத்துக்குப் போலாம்"னு சொன்னோம். நம்பாம ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாரு. அப்புறம் ஒரு மரத்தடியில வண்டியை நிறுத்திட்டு, சாணி வண்டு உருண்டை உருட்டறதை அரை மணி நேரம் காட்டினாரு. காண்டாமிருகம் கடைசி வரைக்கும் கண்ணுல படல. டிப்ஸ் கூடவே கொடுத்தோம்.