கறுப்பு வெள்ளையில் கபடி: பதிவும் பார்வையும்

பொங்கலையொட்டித் தஞ்சை, திருவாரூர், நாகை வட்டார ஊர்களில் கபடிக் களங்கள் சூடுபிடிக்கின்றன. அந்த ஆட்டங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க விரும்புவோர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நடந்ததை நடந்தபடி பதிவு செய்வதா, ஆட்டத்தைத் தாம் உணர்ந்தபடி காட்டுவதா?

ஒரே ஒரு பிடியை எடுத்துக்கொள்வோம். பாடிப் போனவரை நான்கு பேர் மடக்கி அமுக்குகிறார்கள். அவர் கை நடுக்கோட்டை நோக்கி நீள்கிறது. கேமராவைத் தரையோடு தாழ்த்தி, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் எடுத்தால், விரல் கோட்டை எட்டியதா என்பது தெளிவாகத் தெரியும். எட்டியிருந்தால் பிடித்த நால்வரும் அவுட். எட்டாவிட்டால் அவர் அவுட். இந்தப் படம் சாட்சி சொல்கிறது. அதே பிடியை விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தால் கைகால்கள் கலங்கிப்போகும், யார் கை எது என்றே தெரியாது. ஆனால் அந்த முரண்டும் மூச்சுத்திணறலும் புழுதியும் பார்ப்பவரை வந்து தாக்கும்.

முதல் வகையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1878இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, பாய்ந்தோடும் குதிரையைப் படமெடுத்தார். குதிரையின் நான்கு கால்களும் நிலத்தைவிட்டு எழுவது அவை வயிற்றுக்கடியில் மடங்கும்போதுதான் என்று அப்படங்கள் காட்டின. கால்களை முன்னும் பின்னும் நீட்டி வரைந்துவந்த ஓவியர்களின் வழக்கம் பிழை என்று தெரிந்தது. கண்ணால் பிடிக்க முடியாததை நேர்ப்பதிவு பிடித்தது.

ஆனால் கறுப்பு வெள்ளையில் முழுக்க முழுக்க நேர்ப்பதிவு என்று ஒன்று கிடையாது. ஓர் அணி சிவப்புப் பனியனும் மற்றது பச்சைப் பனியனும் போட்டிருந்தால், படத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக விழக்கூடும். ஃபிலிம் காலத்தில் லென்சுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டினால் சிவப்பு வெளுக்கும், பச்சை கறுக்கும். இன்று அதைக் கணினியில் செய்கிறோம். எந்த நிறத்துக்கு எந்தச் சாம்பல் என்று எடுப்பவர் தீர்மானிக்கும்போதே அவர் பார்வை படத்துக்குள் வந்துவிடுகிறது.

தஞ்சாவூருக்கு இது புதிதல்ல. 1858இல் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். எழுத்தை எழுத்தாகவே காட்டிய பதிவு அது. அதே ட்ரைப், வேறு சில படங்களில் வெறுமையாக விழுந்த வானத்துக்கு நெகட்டிவிலேயே வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். ஒரே மனிதர், தேவைக்கேற்ப இரண்டையும் செய்திருக்கிறார்.

அப்படியானால் எல்லைக்கோடு எங்கே? ஷட்டர் வேகம், கோணம், ஒளி நிழலின் அழுத்தம் எல்லாம் எடுப்பவரின் உரிமை. களத்தில் இல்லாத கையைச் சேர்ப்பதும், இருந்த ஆளை அழிப்பதும், வேறோர் ஆட்டத்தின் புழுதியை ஒட்டுவதும் செய்திப் படத்தில் பொய்தான். ட்ரைப்பின் மேகங்களுக்கும் இன்றைய செய்திப் பக்கத்தில் இடமில்லை. ஓவியம்போல் மாற்றிய படமென்றால், படத்தின் கீழேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வழியில் எது உயர்ந்தது என்ற வாதம் வீண். முடிவைச் சொல்ல வேண்டிய படத்துக்குத் தெளிவு வேண்டும். ஆட்டத்தின் வேகத்தைச் சொல்ல வேண்டிய படத்துக்குக் கலங்கல் உதவும். எந்த வழியானாலும் பிடி எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கேமராவைவிட முதலில் கபடியைக் கற்க வேண்டும்.