யார் கொடுத்தது?

ஒரு கணவரின் கடிதம். மனைவிக்கு எச்.பி.வி. பரிசோதனை செய்ததில் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. "என்னிடம் எந்தத் தப்பும் இல்லை. அப்படியென்றால் இது எங்கிருந்து வந்தது?" என்கிறார். மருத்துவக் கேள்வி மாதிரி தெரிகிறது. ஆனால் அவர் எதிர்பார்ப்பது ஒரு தீர்ப்பு.

பரிசோதனையால் அந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியாது. ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்கிற இந்தக் கிருமி எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதற்கு ரிப்போர்ட்டில் விடை கிடையாது. எந்த அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கியிருக்கும். திருமணத்துக்கு முன் இருவரில் யாருக்கு வேண்டுமானாலும் தொற்றியிருக்கலாம். ஆண்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட வழக்கமான பரிசோதனையும் இல்லை. ரிப்போர்ட் எப்போதும் மனைவி பெயரிலேயே வருவதற்கு அதுதான் காரணம். சந்தேகமும் அவர் மேலேயே விழுகிறது.

இதில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. இப்படிப் பரவும் நோய்களை நாம் 'பால்வினை நோய்' என்று மொழிபெயர்த்துவிட்டோம். வினை என்றால் செயல்தான். ஆனால் கேட்பவர் காதில் பாவத்தின் பலன் என்றே விழுகிறது. எச்.பி.வி. அந்தச் சொல்லுக்குள் அடங்காத கிருமி. உடலுறவு அனுபவமுள்ள ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது தொற்றுகிறது. ஒரே துணையோடு வாழ்பவர்களும் இதில் அடக்கம்.

பரவுவது தோலோடு தோலும், உறுப்புகளின் உள்சவ்வும் உரசுவதால். முழுமையான உடலுறவு நடந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், ஆனால் அது மூடாத இடங்களிலும் கிருமி இருக்கும் என்பதால் முழுப் பாதுகாப்பு தராது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ நீச்சல் குளத்தாலோ இது வருவதில்லை. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது மிக அரிது. கையில் வரும் மருவுக்குக் காரணம் இதே குடும்பத்தின் வேறு வகைகள். அவற்றுக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் சம்பந்தமில்லை.

மொத்தம் 200க்கும் மேற்பட்ட வகைகள். அவற்றில் 16, 18 ஆகிய இரண்டு எண்களை நினைவில் வைத்தால் போதும். உலகில் கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இவையே காரணம். இவற்றைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே கிருமியை விரட்டிவிடுகிறது. விரட்ட முடியாமல் தங்கிவிட்டால்தான் ஆபத்து. அதுவும் புற்றாக மாற பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

அவ்வளவு அவகாசம் இருந்தும் 2022இல் இந்தியாவில் இந்தப் புற்றுநோயால் சுமார் 80,000 பெண்கள் இறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. மஹாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டக் கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது. ஒரே ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்ததில் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கிருமியைக் கொல்ல மருந்து இல்லை. அது உண்டாக்கும் புண்களைப் புற்றாகும் முன்பே அகற்றிவிடலாம்.

தடுப்பூசி பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். பயத்துக்குக் காரணம் உண்டு. ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 2009இல் நடந்த திட்டத்தில் ஊசி போட்டுக்கொண்ட ஏழு சிறுமிகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் அரசு திட்டத்தை நிறுத்தியது. மரணங்களுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்றது விசாரணைக் குழு. ஆனால் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தது அம்பலமாயிற்று. ஏழைப் பெண் பிள்ளைகளிடம் காட்டிய அலட்சியம் அது. மன்னிக்கக்கூடியதல்ல.

இதில் ஒரு விநோதம். அப்போது இரண்டு டோஸா மூன்றா என்று ஒப்பிட வேறொரு ஆய்வும் நாட்டின் பல மையங்களில் நடந்துகொண்டிருந்தது. அரசு உத்தரவால் அதுவும் நின்றது. பல ஆயிரம் சிறுமிகளுக்கு ஒரே டோஸோடு முடிந்துபோனது. அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை அந்த ஒரு டோஸே ஏறக்குறைய மூன்று டோஸ் அளவுக்குத் தடுத்தது தெரியவந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸும் போதும் என்று ஏற்றதற்கு இந்தச் சிறுமிகளும் ஒரு காரணம்.

ஊசிக்குச் சிறந்த வயது 9 முதல் 14. ஏற்கெனவே உள்ள தொற்றை அது போக்காது. ஊசி போட்டவர்களும் 30 வயதிலிருந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துத் தரவும் முடியும். கணவரிடம் அனுமதி வாங்கத் தேவையில்லை.