வெட்டுக் கருவி இல்லாமல் இறங்குவதில்லை: வலையும் கத்தியும் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

"சுழியோடிக்கு ஏன் கத்தி, எங்கட வலையை அறுக்கவோ?" என்று வலைத்தொழிலாளர்கள் கேட்கிறார்கள். "பத்து மீற்றர் தண்ணிக்கு ஏன் கத்தி?" என்று எங்கள் பொடியள் சிலரே கேட்கிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கடலில் கடலட்டையும் சங்கும் எடுத்துப் பிழைப்பவர்களின் சங்கம் என்ற முறையில் இரண்டு தரப்புக்கும் ஒரே பதிலைச் சொல்கிறோம். சிலிண்டர் பூட்டி இறங்கும் எவரும் இரண்டு வெட்டுக் கருவிகள் இல்லாமல் இறங்கக்கூடாது. அந்த இரண்டும் சிறியவையாக இருக்கவேண்டும்.

முதலில் பொடியளுக்கு. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி ஆழமில்லாத கடல்தான். ஆனால் வலையில் மாட்டியவனுக்கு ஆழம் கணக்கில்லை, காற்றுத்தான் கணக்கு. (ஊரில் ஒட்சிசன் சிலிண்டர் என்கிறார்கள், உள்ளே இருப்பது அமுக்கிய வெறும் காற்று.) 12 லீற்றர் சிலிண்டரில் 50 பார் மிச்சமிருந்தால் 600 லீற்றர் காற்று. கரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கும் ஒருவர், 10 மீற்றர் ஆழத்தில் 40 லீற்றர் இழுப்பார். பதற்றத்தில் அது இரட்டித்தால் 80. ஏழரை நிமிடத்தில் சிலிண்டர் காலி. தங்கூசி வலையைக் கையால் பிய்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள், கரையில் ஒரு முழத்தை எடுத்துப் பிய்த்துப் பார்க்கட்டும்.

தங்கூசி வலைக்கு இலங்கையில் தடை உண்டு. அடிமட்ட இழுவைமடியையும் 2017இல் நாடாளுமன்றம் சட்டத்தால் தடைசெய்தது. கடலுக்கடியில் இரண்டும் இன்னும் இருக்கின்றன. இந்திய றோலர்கள் இழுத்துக் கிழித்த எங்கள் ஊர் வலைகளின் மிச்சமும் அங்கேதான் கிடக்கிறது. 2021 ஜூனில் நெடுந்தீவுக் கடலில் பழைய இ.போ.ச. பஸ்கள் மீன் அடைவதற்காக இறக்கப்பட்டன. மீன் அடையும் இடத்தில் வலையும் விழும். விழுந்த வலை தகரத்தில் சிக்கி அங்கேயே நின்றுவிடும். கலங்கிய தண்ணீரில் தங்கூசி கண்ணுக்குத் தெரியாது, காலில் பட்ட பிறகுதான் தெரியும். வெளிச்சம் பாய்ச்சி இரவில் இறங்குவதை எங்கள் சங்கம் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தக் கருவி? படத்தில் வரும் வீரனைப்போலக் கெண்டைக்காலின் வெளிப்பக்கம் கட்டிய நீட்டுக் கத்தியை நாங்கள் ஏற்கவில்லை. வலை முதலில் கொளுவுவதே அந்தப் பிடியில்தான். கால் கட்டுண்டால் கை அங்கே எட்டாது. கூர்முனை இருந்தால் பதற்றத்தில் மூச்சுக்குழாயையோ காற்றுச் சட்டையையோ, பக்கத்தில் நிற்பவரையோ குத்திவிடும்.

முனை மழுங்கிய சிறு கத்தி ஒன்று, பாதி அலகு வாள்பல்லாக இருப்பது நல்லது. றோலர் மடியின் தடித்த கயிற்றை அறுக்கப் பல் வேண்டும். இரண்டாவதாக, அலகு வளைவுக்குள் ஒளிந்திருக்கும் சிறு கொக்கி வெட்டி. தென்னோலை இழுக்கும் கொக்கைச்சத்தகத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். நூலைக் கொளுவி இழுத்தால் அறுந்துவிடும், உடம்பில் படாது. கொக்கி வெட்டி கிடைக்காவிட்டால் முதலுதவிக் கத்தரிக்கோல் போதும். தங்கூசிக்கு அது கத்தியை விட நல்லது.

கத்தி வாங்கும்போது உலோகத்தைக் கேளுங்கள். 420 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூராக நிற்கும், ஆனால் துருப்பிடிக்கும். 316 ரகம் உப்பைத் தாங்கும், சீக்கிரம் மழுங்கும். டைட்டானியம் துருவே பிடிக்காது, விலைதான் கடிக்கும். எதை வாங்கினாலும் நன்னீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். உறையிலேயே துருவேறி இறுகிப்போன கத்தி சும்மா பாரம்.

ஒன்று இடுப்புப் பட்டியின் முன்பக்கம், மற்றது மார்பு வாரில். எந்தக் கை கட்டுண்டாலும் மற்றக் கையால் ஒன்றையாவது எடுக்க முடியவேண்டும். எங்கள் உறுப்பினர்கள் கையுறையோடு, கண்ணை மூடி, ஒற்றைக் கையால் எடுத்து ஒரு தங்கூசித் துண்டை அறுத்துக் காட்டிய பிறகே வள்ளத்தில் ஏறவேண்டும். மாட்டினால் திரும்பிச் சுழலக்கூடாது, சுழன்றால் வலை உடம்பில் சுற்றும். நின்று, மூச்சை ஆற்றி, வந்த வழியே பின்வாங்கி, கூட வந்தவருக்குக் காட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் கத்தி.

வலைத்தொழிலாளர்களுக்கு: உங்கள் சந்தேகம் வீண் சந்தேகம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். வலை என்பது ஒரு குடும்பத்தின் கடன். உயிர் தப்ப எத்தனை கண்ணி அறுக்கவேண்டுமோ அத்தனைதான் அறுக்கலாம், மீனிலோ நண்டிலோ கை வைக்கக்கூடாது என்பது எங்கள் விதி. போயா கட்டிய வலையை அறுத்தவர் அன்றைக்கே இடத்தைச் சொல்லவேண்டும். பொத்தும் செலவைச் சங்கம் கொடுக்கும். மறைத்தவருக்கு இந்தச் சங்கத்தில் இடமில்லை. உங்களிடம் நாங்கள் கேட்பது, வலை தொலைந்தால் தொலைந்த இடத்தை எங்களுக்குச் சொல்லுங்கள் என்பதே. எங்கள் வள்ளத்தில் அறுந்த வலைத்துண்டைக் கண்டால், கள்ளன் என்று முடிவுகட்ட முதல் சங்கத்தில் வந்து கேளுங்கள்.